உயர்ந்தோர்க்கும் ஓர் இருக்கை



நம் வீட்டுக்கு யாரேனும் வந்தால் நாம் முதலில் சொல்லும் சொல் "வாங்க" என்பதாகும். அடுத்த சொல் "உட்காருங்க" என்பது. தண்ணீர் கொடுப்பதும், நலம் விசாரிப்பதும், காப்பி போடுவதும் அதற்குப் பிறகுதான். வந்தவரை நிற்க வைத்தே பேசி அனுப்பினால் அதைவிடப் பெரிய அவமதிப்பு வேறில்லை என்பது நம் நாட்டு வழக்கம். ஆனால் அதே விருந்தினர் வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டால் அவருக்கு "உட்காருங்க" என்று சொல்வார் யார்? பஸ் நிறுத்தத்தில், மர நிழலில், பள்ளி வாசலில், மருத்துவமனை முற்றத்தில் அவர் எங்கே அமர்வார்? அதிலும் அவர் ஆறடி உயரம் உள்ளவராய் இருந்துவிட்டால்?

"ஆண்டு மலரில் எழுத வேறு பொருளே கிடைக்கவில்லையா?" என்று நீங்கள் சிரிக்கலாம். எங்கள் வகுப்புத் தோழியரும் முதலில் சிரித்தார்கள். நாட்டுப்பற்று, மரம் வளர்ப்போம், காலம் பொன் போன்றது ஆகிய தலைப்புகளை எல்லாம் விட்டுவிட்டுப் பெஞ்சைப் பற்றி எழுதுகிறோமே என்று எங்களுக்கே சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும் இதனைப் படித்து முடித்த பிறகு நீங்கள் ஒரு பெஞ்சில் அமரும்போது, உங்கள் முழங்கால் எங்கே இருக்கிறது என்று ஒரு முறையேனும் பார்ப்பீர்கள் என்று நம்புகிறோம்.

நாங்கள் யார்?

நாங்கள் பத்தாம் வகுப்பின் கடைசி வரிசையில் அமரும் ஐவர். எங்களில் குட்டையானவள் ஐந்தடி ஆறு அங்குலம். நெட்டையானவள் ஐந்தடி ஒன்பது அங்குலம். ஆறாம் வகுப்பில் நாங்கள் அனைவரும் முன்வரிசையில்தான் இருந்தோம். வளர வளரப் பின்னுக்குத் தள்ளப்பட்டோம். புகைப்படம் எடுக்கும் நாளில் பின்வரிசை எங்களுக்கு. ஜன்னல் கொக்கி மாட்டவும், ஒட்டடை அடிக்கவும், கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை உயரத்தில் கட்டவும் முதல் அழைப்பும் எங்களுக்கே. பனைமரம், கொக்கு, ஒட்டகச்சிவிங்கி என்று எங்களுக்குப் பெயர்கள் பல. வீட்டுக்கு வரும் உறவினர்களோ எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவ்வளவு உயரத்துக்கு மாப்பிள்ளைக்கு எங்கே போவது?" என்று அம்மாவிடம் கவலைப்படுவார்கள். எங்களுக்கு வயது பதினைந்து என்பது அவர்களுக்கு நினைவிருப்பதில்லை.

நம் முண்டியம்பாக்கம் கரும்புக்குப் பேர் பெற்ற ஊர். சர்க்கரை ஆலை உள்ள ஊர். வயலில் கரும்பு ஓங்கி வளர்ந்தால் விவசாயி மகிழ்கிறார். "நல்லா வளர்ந்திருக்கு" என்று அண்டை அயலார் புகழ்கிறார்கள். அதே வயலின் வரப்பில் நடந்து போகும் பெண் ஓங்கி வளர்ந்தால் மட்டும் ஏன் எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள்? இது எங்கள் முதல் கேள்வி. ஆனால் இக்கட்டுரை அதைப் பற்றியதன்று.

தாத்தா பஸ்ஸைத் தவறவிட்ட கதை

எங்கள் ஐவரில் ஒருத்திக்கு ஒரு தாத்தா இருக்கிறார். ஆறடி ஓர் அங்குலம் உயரம். இளமையில் கரும்பு வெட்டும் வேலைக்குச் சென்றவர். சென்ற ஆண்டு அவர் பேத்தியை அழைத்துக்கொண்டு உறவினர் வீட்டுக்குச் சென்றார். திரும்பும்போது ஒரு நிழற்குடையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம். அங்கே ஒரு சிமெண்டுப் பெஞ்சு இருந்தது. தாத்தா உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட விழுந்தார் என்பதே சரி. அவ்வளவு தாழ்வான பெஞ்சு அது. அவருடைய முழங்கால்கள் மார்புக்கு நேராக வந்துவிட்டன.

பஸ் வந்தது. பேத்தி எழுந்துவிட்டாள். தாத்தாவால் எழ முடியவில்லை. பிடித்து எழுவதற்குப் பக்கத்தில் கம்பி இல்லை. காலைப் பின்னால் இழுத்து ஊன்றவும் இடமில்லை, ஏனெனில் பெஞ்சின் அடிப்பகுதி முழுவதும் செங்கல் வைத்து அடைக்கப்பட்டிருந்தது. பேத்தி இரு கைகளையும் பிடித்து இழுத்தாள். அருகில் நின்ற இருவர் சிரித்தனர். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். நெடிய மனிதர் ஒருவர் குட்டிப் பெஞ்சில் மாட்டிக்கொண்டது அவர்களுக்கு வேடிக்கையாய் இருந்தது, அவ்வளவுதான். கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் போய்விட்டது.

"பரவாயில்ல கண்ணு, அடுத்த பஸ் வரட்டும். நான் நின்னுக்கிட்டே இருக்கேன்" என்றாராம் தாத்தா. முக்கால் மணி நேரம் நின்றார். அன்று முதல் அவர் எங்கும் வருவதில்லை. திருமணத்துக்குக் கூப்பிட்டாலும், திருவிழாவுக்குக் கூப்பிட்டாலும், "நீங்க போயிட்டு வாங்கம்மா, நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிடுகிறார். வீட்டார் அனைவரும் தாத்தாவுக்கு வயதாகிவிட்டது என்கிறார்கள். எங்கள் தோழி மட்டும், "தாத்தாவுக்கு வயதாகவில்லை, பெஞ்சு தாழ்ந்துவிட்டது" என்கிறாள்.

அவள் சொன்னது விளையாட்டு என்றே நாங்கள் முதலில் எண்ணினோம். அது முழு உண்மை என்பது பிறகுதான் தெரிந்தது. மற்றொரு முறை அவ்வழியே சென்றபோது அவள் ஸ்கேல் கொண்டு அளந்து வந்தாள். தரையிலிருந்து பெஞ்சின் உயரம் 12 அங்குலம். எந்தக் கொத்தனாரும் 12 அங்குலத்தில் பெஞ்சு கட்ட மாட்டார். நடந்தது என்னவென்றால், சாலையைப் புதுப்பிக்கும் போதெல்லாம் பழைய தளத்தின் மேலேயே புதிய தளம் போட்டார்கள். சாலை உயர்ந்தது. மழைநீர் உள்ளே வராதிருக்க நிழற்குடையின் தரையையும் மண் கொட்டி, சிமெண்டு பூசி உயர்த்தினார்கள். பெஞ்சை மட்டும் யாரும் உயர்த்தவில்லை. பழைய சாலைப் பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தளம் போட வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு அரசு அறிவுறுத்தியது. வீடுகள் பள்ளமாகாமல் இருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. பெஞ்சுகளும் அதனால் பிழைக்கும் என்று நாங்கள் மகிழ்கிறோம். ஆனால் ஏற்கெனவே புதைந்துபோன பெஞ்சுகளுக்கு என்ன வழி?

உட்காருவதிலும் ஓர் இலக்கணம்

"உட்கார என்ன இருக்கிறது? இடம் இருந்தால் உட்கார வேண்டியதுதானே!" என்பர் சிலர். அப்படியன்று. உட்காருவதற்கும் இலக்கணம் உண்டு என்பதை நாங்கள் எங்கள் கணித ஆசிரியை, அறிவியல் ஆசிரியை ஆகிய இருவரிடமும் கேட்டும், நூலகத்தில் படித்தும் அறிந்துகொண்டோம்.

பாதம் இரண்டும் தரையில் முழுமையாகப் படிய வேண்டும். தொடை தரைக்கு இணையாக இருக்க வேண்டும். அப்படியானால் இருக்கையின் உயரம், முழங்காலின் பின்புற மடிப்பிலிருந்து தரை வரை உள்ள அளவுக்கு ஒத்திருக்க வேண்டும். அந்த அளவு ஒருவரது உயரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. ஆறடி மனிதருக்கு ஏறக்குறைய 18 அங்குலம். ஐந்தடிப் பெண்ணுக்கு ஏறக்குறைய 15 அங்குலம்.

இருக்கை தாழ்ந்துவிட்டால் முழங்கால் இடுப்புக்கு மேலே போகிறது. இடுப்பு எலும்பு பின்னோக்கிச் சரிகிறது. முதுகின் இயற்கையான வளைவு மறைந்து கூன் விழுகிறது. உடலின் பாரத்தில் பெரும்பகுதி இடுப்பின் அடி எலும்பு இரண்டின் மீது இறங்குகிறது. எழும்போது முழங்காலுக்கும் தொடைத் தசைக்கும் கூடுதல் வேலை. மூட்டு வலி உள்ள முதியோருக்கு அது வேதனை. இருக்கை உயர்ந்துவிட்டாலோ அதன் விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை அழுத்துகிறது, கால் தொங்குகிறது, சிறிது நேரத்தில் மரத்துப் போகிறது. இருக்கையின் அகலமும் முக்கியமானது. அகலம் குறைந்தால் நெட்டையானவர்களின் தொடையில் பாதி அந்தரத்தில் நிற்கும். அகலம் மிகுந்தால் குட்டையானவர்களின் முதுகு சாய்மானத்தைத் தொடவே தொடாது.

உடற்பயிற்சி ஆசிரியை எங்களைப் பார்க்கும் போதெல்லாம், "கூன் போடாதே! நிமிர்ந்து நில்!" என்று கூறுவார். நிமிர்ந்து நிற்க நாங்கள் தயார். ஆனால் நிமிர்ந்து உட்கார இடம் எங்கே? நாள் முழுவதும் எங்களை மடக்கி வைத்திருப்பது பெஞ்சு. பழி சுமப்பது எங்கள் முதுகு. செருப்பு சிறிதாய் இருந்தால் செருப்பை மாற்றுவார்களா, காலை வெட்டுவார்களா?

எங்கள் எண்ணம் மாறிய கதை

இவ்வளவும் தெரிந்துகொண்டவுடன் நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம். பொது இடங்களில் உள்ள பெஞ்சுகளை எல்லாம் 19 அங்குலத்துக்கு உயர்த்திவிட வேண்டும்! இதுவே தீர்வு என்று ஒரு காகிதத்தில் எழுதியும் வைத்தோம்.

அதனை எங்கள் வகுப்பின் முன்வரிசைத் தோழி படித்தாள். அவள் உயரம் நான்கடி எட்டு அங்குலம். படித்துவிட்டு, "அப்படியானால் என் கால்களை எங்கே வைப்பது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. "கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே" என்று ஊரார் சொல்லும்போது அவள் படும் பாடு, "பனைமரம்" என்று சொல்லும்போது நாங்கள் படும் பாட்டுக்குக் குறைந்ததன்று. எங்களுக்கு வசதி தேடப்போய் அவளை அந்தரத்தில் தொங்கவிடப் பார்த்தோமே!

எனவே ஆசிரியையின் அனுமதி பெற்று, மதிய உணவு இடைவேளையில் எங்களை நாங்களே அளந்து பார்த்தோம். நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை அளவு எடுத்தோம். முன்வரிசைத் தோழிக்கு 14 அங்குலம். எங்கள் நெட்டையானவளுக்குப் பதினேழரை அங்குலம். ஒரே வகுப்பில், ஒரே வயதில், மூன்றரை அங்குல வித்தியாசம்! அதைவிட வியப்பு ஒன்று உண்டு. எங்களில் இருவர் சரியாக ஒரே உயரம். ஆனால் இருவரின் கால் அளவும் முக்கால் அங்குலம் வேறுபட்டது. ஒருத்திக்குக் கால் நீளம். மற்றொருத்திக்கு உடல் நீளம்.

இதே பாடத்தை உலகம் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே கற்றுவிட்டது. 1950-இல் அமெரிக்க விமானப்படை தன் விமானிகளை அளந்தது. விமானியின் இருக்கையைச் சராசரி மனிதனுக்கு ஏற்றபடி அமைத்தால் போதும் என்று அதுவரை எண்ணியிருந்தார்கள். கில்பர்ட் டேனியல்ஸ் என்னும் இளம் ஆய்வாளர் 4,063 விமானிகளின் அளவுகளைப் பரிசோதித்தார். உயரம், மார்பளவு, கை நீளம் முதலிய பத்து அளவுகளிலும் சராசரியை ஒட்டி அமைந்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தார். விடை என்ன தெரியுமா? ஒருவர்கூட இல்லை! சராசரி மனிதனுக்காகச் செய்த இருக்கை எவருக்குமே பொருந்தாத இருக்கை என்பது அன்று விளங்கிற்று. அதன் பின்னர், ஆளுக்கேற்ப நகர்த்தக்கூடிய இருக்கைகளை விமானங்களில் அமைக்க வேண்டும் என்று விமானப்படை வலியுறுத்தியது. இன்று மோட்டார் கார் ஓட்டுநரும் அவ்வாறே இருக்கையை நகர்த்தி அமர்கிறார்.

மனிதரின் உயரமும் ஒரே நிலையில் நிற்பதன்று. நல்ல உணவும் நல்ல மருத்துவமும் கிடைக்கும் நாடுகளில் பிள்ளைகள் பெற்றோரைவிட உயர்கிறார்கள். தென் கொரியப் பெண்கள் நூறு ஆண்டுகளில் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறார்கள் என்று 2016-இல் வெளியான உலகளாவிய ஆய்வு ஒன்று கூறிற்று. ஆகவே பாட்டியின் கால அளவில் செய்த பெஞ்சு பேத்திக்குப் பொருந்தவில்லை என்றால், பேத்தி ஏதோ தவறு செய்துவிட்டாள் என்று பொருளன்று.

நம் முன்னோர் அறிந்தது

விமானத்து இருக்கையை நகர்த்தலாம். தெருவோரத்துச் சிமெண்டுப் பெஞ்சை நகர்த்த முடியுமா? முடியாது. ஆனால் நம் முன்னோர் இதற்கு வழி கண்டிருந்தார்கள் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

முதலாவது, தரை. பந்திப் பாயில் இலை போட்டு அமரும்போது நெட்டையும் இல்லை, குட்டையும் இல்லை. சம்மணமிட்டு அமர்வோருக்கு முழங்கால் உயரம் ஒரு பொருட்டே அன்று. தரையைப் போலச் சமத்துவமான இருக்கை உலகில் இல்லை. ஆனால் தாத்தாவைப் போன்றவர்களுக்குத் தரையில் அமர்ந்தால் எழுந்திருக்க முடிவதில்லை.

இரண்டாவது, திண்ணை. வழிப்போக்கர் யாராயினும் வந்து அமரலாம், படுக்கலாம் என்று வீட்டுக்கு வெளியே கட்டப்பட்ட இருக்கை அது. காலைத் தொங்கவிடலாம், மேலே ஏறிச் சம்மணமிடலாம், தூணில் சாயலாம், படியில் அமரலாம். படி ஓர் உயரம், திண்ணை ஓர் உயரம். ஆளுக்கொரு விதம். வீடுகள் புதுப்பிக்கப்பட்டபோது முதலில் மறைந்தது திண்ணைதான். அந்த இடத்தில் இப்போது இரும்புக் கதவு நிற்கிறது.

மூன்றாவது, சுமைதாங்கிக் கல். பழைய சாலையோரங்களில் இன்றும் சில இடங்களில் அதனைக் காணலாம். இரு கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு நடந்து வருபவர், சுமையை இறக்க மற்றொருவர் உதவியை நாடாமல், நின்றபடியே அதன்மேல் தள்ளிவிட்டு இளைப்பாறுவார். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அவற்றை நிறுவும் வழக்கம் இருந்ததாகப் பெரியோர் கூறுவர். சுமையை இறக்கி வைக்க முடியாமலே போன ஒரு தாய்க்காக, ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேரின் சுமையை இறக்கி வைத்தார்கள். அக்கல்லைக் கட்டியவர், நிற்கும் மனிதனின் தோள் எங்கே இருக்கும் என்று எண்ணிப் பார்த்துக் கட்டினார். அந்த எண்ணம்தான் எங்களுக்கு வேண்டும். அதற்கு அதிகப் பணம் தேவையில்லை.

"இதைவிடப் பெரிய பிரச்சினைகள் இல்லையா?"

இருக்கின்றன. குடிநீர் இருக்கிறது, சாலை இருக்கிறது, வேலையின்மை இருக்கிறது. நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் உட்காருவது சிறிய செய்தி அன்று என்று நம் சட்டமன்றமே கூறியிருக்கிறது. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள் முழுவதும் நின்றே வேலை செய்யும் பணியாளர்களுக்கு இருக்கை வழங்க வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் செய்யப்பட்டது. கேரளத்தில் 2018-இலேயே இத்தகைய ஏற்பாடு வந்தது. அதற்காகக் குரல் எழுப்பியவர்களில் பெரும்பாலோர் கடைகளில் வேலை செய்த பெண்களே. உட்கார இடம் கேட்பது சோம்பல் அன்று, மனித மரியாதை என்பதை அவர்கள் நாட்டுக்கு உணர்த்தினார்கள்.

நம் ஊரையே எண்ணிப் பாருங்கள். இங்கே ரயில் நிலையம் இருக்கிறது. 2010-இல் தொடங்கப்பெற்ற விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. சர்க்கரை ஆலை இருக்கிறது. ரயிலுக்கு, பஸ்ஸுக்கு, மருத்துவருக்கு, கரும்பு எடை போடுவதற்கு என்று காத்திருப்போர் நிறைந்த ஊர் இது. காத்திருப்பவர் யார்? நோயாளி, முதியவர், கைக்குழந்தையுடன் தாய், இரவெல்லாம் வண்டி ஓட்டி வந்தவர். வசதியுள்ளவர் தம் காரில் அமர்ந்து காத்திருப்பார். இல்லாதவருக்கு ஊர் தரும் இருக்கை ஒன்றே கதி. அந்த இருக்கையும் பொருந்தாவிட்டால் அவர் நிற்கிறார். அல்லது தாத்தாவைப் போல வீட்டிலேயே இருந்துவிடுகிறார். வராமல் போனவரை யார் கணக்கெடுக்கிறார்கள்?

கொத்தனார் சொன்ன வழி

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை கொத்தனார். அவரிடம் சென்று, "மாமா, பெஞ்சு கட்டும்போது உயரத்தை எப்படி முடிவு செய்வீர்கள்?" என்று கேட்டோம். அவர் சிறிது யோசித்துவிட்டுச் சிரித்தார். "உண்மையைச் சொன்னா, என் முட்டியை வெச்சுத்தாம்மா பார்ப்பேன். எனக்குச் சரியா இருந்தா ஊருக்குச் சரின்னு விட்டுடுவேன்" என்றார். மாமாவின் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். தாத்தா அமர்ந்த பெஞ்சைக் கட்டியவரும் தம் முழங்காலைத்தான் அளவாகக் கொண்டிருப்பார். குற்றம் அவருடையதன்று. வேறு முழங்கால்களும் உண்டு என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

நாங்கள் எங்கள் அளவுகளைக் காட்டி, மூன்று உயரத்தில் மூன்று பெஞ்சு கட்ட முடியுமா என்று கேட்டோம். அதற்கு அவர் கூறிய பதிலைக் கேட்டு நாங்கள் வாயடைத்துப் போனோம். "எதுக்கு மூணு? ஒண்ணே போதும். தரை சரிவா இருக்குற இடமாப் பாருங்க. ரசமட்டம் வெச்சுப் பெஞ்சோட மேல்பக்கத்தை ஒரே மட்டமாக் கட்டினா, மேட்டுப் பக்கம் உயரம் குறைச்சலா இருக்கும், பள்ளத்துப் பக்கம் உயரமா இருக்கும். அவங்கவங்களுக்கு எது ஒத்து வருதோ அங்க உட்கார்ந்துக்கலாம்" என்றார்.

எவ்வளவு எளிய வழி! நம் பள்ளி வளாகத்தில் வேப்பமரத்தை ஒட்டி, மழைநீர் வடிவதற்காகத் தரை இயற்கையாகவே சரிந்திருக்கிறது. அங்கே இருபது அடி நீளத்தில் ஒரு பெஞ்சு கட்டினால், நான்கு அங்குலச் சரிவு இருந்தால் போதும். ஒரு முனையில் 15 அங்குலமும், நடுவில் 17 அங்குலமும், மறுமுனையில் 19 அங்குலமும் கிடைத்துவிடும். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு மட்டும் மேட்டு முனையில் ஒரு சிறு படி வேண்டும். மேலும் நாங்கள் வேண்டுவன இவை: பெஞ்சின் அடிப்பகுதியை அடைக்காமல் தூண்கள் மீது நிறுத்த வேண்டும், எழும்போது பாதத்தைப் பின்னிழுத்து ஊன்ற அது இடம் தரும். உயர்ந்த முனையில் முதியோர் பற்றி எழ ஒரு கைப்பிடி வேண்டும். சாய்மானம் சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். மழைநீர் தேங்காமல் வடிய மேற்பரப்பில் மெல்லிய வாட்டம் வேண்டும். கல்லும் இரும்பும் வெயிலில் கொதிக்கும். ஆகவே பிற்பகல் வெயில் படாத கிழக்குப் பக்கத்து நிழலில் அது அமைய வேண்டும். ஒரு காலத்தில் தரையை உயர்த்த நேர்ந்தால் பெஞ்சையும் சேர்த்தே உயர்த்த வேண்டும். இதனைப் பெஞ்சின் பக்கத்திலேயே எழுதி வைத்தாலும் நல்லது.

இதற்காகும் செலவு சாதாரணப் பெஞ்சுக்கு ஆகும் செலவைவிடப் பெரிதும் மிகாது என்று மாமா கூறினார். கூலி வாங்காமல் கட்டித் தருவதாகவும் சொன்னார். செங்கல்லும் சிமெண்டும் மட்டும் வேண்டும். தலைமைச் சகோதரி அவர்களிடம் நாங்கள் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். பெற்றோராகிய நீங்களும் ஆளுக்குப் பத்துச் செங்கல் என்று மனம் வைத்தால், ஆசிரியர் சந்திப்பு நாளில் நீங்கள் வெயிலில் நின்று காத்திருக்க வேண்டியதில்லை.

முடிவாக

நாங்கள் இந்த ஆண்டுடன் பத்தாம் வகுப்பை முடிக்கிறோம். அந்தப் பெஞ்சு எழும்போது நாங்கள் எங்கே இருப்போம் என்று தெரியாது. ஒருவேளை நாங்கள் அதில் அமராமலே போகலாம். பரவாயில்லை. இன்று ஆறாம் வகுப்பின் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஏதோ ஒரு தங்கை, இன்னும் மூன்று ஆண்டுகளில் மளமளவென்று வளர்ந்து பின்வரிசைக்கு வருவாள். அவளுக்கும் பனைமரம் என்று பெயர் வைப்பார்கள். அவள் அந்த வேப்ப நிழலுக்கு வந்து, பள்ளத்து முனையில் பாதம் பதிய, முதுகு நிமிர அமர்ந்து, மேட்டு முனையில் அமர்ந்திருக்கும் குட்டைத் தோழியுடன் பேசிச் சிரிப்பாள். தன் உயரத்துக்காக அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

எங்களைப் போன்ற நெட்டைச் சகோதரியருக்கு ஒரு சொல்: குனியாதீர்கள். உங்களுக்குப் பொருந்தாத இடத்தைக் கண்டால் வெட்கப்படாதீர்கள்; ஒரு ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள். அளந்து சொன்னால் கேட்பவர் சிரிப்பதில்லை, யோசிக்கிறார்.

எங்கள் தோழி தன் தாத்தாவிடம் இந்தப் பெஞ்சைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். "கட்டி முடிச்சதும் சொல்லு கண்ணு, வந்து பாக்கறேன்" என்றாராம் அவர். ஓராண்டில் அவர் எங்கேனும் வருவதாகச் சொன்னது இதுவே முதல் முறை. ஆகவே பெரியோர்களே, சற்று விரைந்து ஆவன செய்ய வேண்டுகிறோம்.

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு, கடைசி வரிசை